நாற்பது தப்படியில் தொடங்குங்கள்

கேள்வி:

வணக்கம் டாக்டர். பர்மாவில், யாங்கோனுக்குப் பக்கத்தில், தன்லினில் வீட்டு வாசலிலேயே காலை தோசைக் கடை போட்டிருக்கிறேன். வீட்டில் இரண்டு நாய்கள். கருப்பனுக்கு ஆறு வயது, மா ஃப்யூ மூன்று வயதுப் பெட்டை. தெருவில் இன்னும் மூன்று, கடையை விட்டு நகராது. மூன்று வாரம் முன்னால், நல்ல மழையில், எங்கிருந்தோ ஒரு செவலை வந்து சேர்ந்தது. எலும்பும் தோலுமாக இருக்கிறது. பின்னங்கால் ஒன்றைத் தூக்கித் தூக்கி வைக்கிறது. பகல் முழுக்கப் பழைய சைக்காவுக்கு (பக்கத்தில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்ஷா) அடியில் படுத்திருக்கும். தெரு நாய்கள் பார்த்தால் துரத்திக் கடிக்கின்றன. எங்கள் இரண்டும் கேட்டுக்குள் நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கின்றன. என் மகளுக்குப் பதினோரு வயது. அதற்கு ‘ஷ்வேவா’ என்று பெயரே வைத்துவிட்டாள், தூக்கி வந்து வளர்க்கலாம் என்று அழுகிறாள். மாமியார், “தெருநாய் படியேறினால் நான் படியிறங்கிவிடுவேன்” என்கிறார். பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா, “பொங்கி மடத்தில் கொண்டுபோய் விட்டுவிடு” என்கிறார், புத்த பிக்குகள் இருக்கும் மடம். அதை எப்படிப் பழக்குவது? மற்ற நாய்களை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது?

– தோசைக்கடை அக்கா, தன்லின்

பதில்:

அக்கா, உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. இப்படி ஆரம்பித்தால் மகள் என் மேல் கோபப்படுவாள், பரவாயில்லை. செவலை இப்போதைக்குப் படியேறக் கூடாது. கருப்பனையும் மா ஃப்யூவையும் நினைத்துத்தான் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நாய்களின் வயது இருக்கிறது, பெயர் இருக்கிறது, ஊசி பற்றி ஒரு வரி இல்லை. அது என்னை உறுத்துகிறது.

ஊர் பேர் தெரியாத நாயோடு பார்வோ வரலாம், டிஸ்டம்பர் வரலாம், உண்ணி, சொறி, குடற்புழு எல்லாம் வரலாம். பார்வோ என்றால் வாந்தியும் ரத்தபேதியும். டிஸ்டம்பர் கண்பீளையும் சளியுமாகத் தொடங்கி வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். பார்வோ வைரஸ் ஒரு தடவை முற்றத்து மண்ணில் விழுந்துவிட்டால் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் கிடக்கும். பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் முப்பது பங்கு கலந்து சிமெண்டுத் தரையைக் கழுவலாம், மண் தரையை என்ன செய்வீர்கள்? எனவே முதல் வேலை, வீட்டு நாய்கள் இரண்டுக்கும் இந்த வாரமே ஊசி. போட்ட நாளிலிருந்து இரண்டு வாரம் எண்ணுங்கள், எதிர்ப்புச் சக்தி ஊற அவ்வளவாவது வேண்டும். அதுவரை செவலை வெளியே. மகளிடம், “அத்தனை நாள் அதற்கு வாசலில் சாப்பாடு உண்டு, வீட்டுக்குள் இடம் பிறகு” என்று சொல்லுங்கள்.

அடுத்தது வெறிநோய். நம் பழமொழிகளில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அது ‘குரைக்கிற நாய் கடிக்காது’. இந்த நாட்டில் வெறிநாய்க்கடியால் இன்னும் மனிதர்கள் சாகிறார்கள். நோய் வெளியே தெரிந்த பிறகு காப்பாற்ற வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெறிபிடித்த நாய் என்றால் நுரை தள்ளிக்கொண்டு தெருத்தெருவாக ஓடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஓடாத வகையும் உண்டு. இருட்டான மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாது. ‘சைக்காவுக்கு அடியில் படுத்திருக்கும்’ என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் ஓடிய நினைப்பு இதுதான். ஆனால் செவலை மூன்று வாரமாக அதே நிலையில் இருக்கிறது. வெறிநோயின் அறிகுறி காட்டிய நாய் பத்து நாளைத் தாண்டுவதில்லை. ஆக அது ஒடுங்கிக் கிடப்பதற்குக் காரணம் பயமும் கால்வலியும்தான் என்று நினைக்கிறேன். உடம்புக்குள் நோய் உறங்கிக்கொண்டிருக்காது என்று மட்டும் யாராலும் சத்தியம் செய்ய முடியாது. கடித்த தெரு நாய்கள் யாரிடம் கடிபட்டவையோ!

எனவே ஒரு நகக்கீறல் பட்டாலும், திறந்த புண்ணில் எச்சில் பட்டாலும், குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்துவது பழைய கதை, இப்போது கையில்தான் போடுகிறார்கள். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 14, 28ஆம் நாள்களில் போடுவது பரவலான முறை. இதைவிடக் குறுகிய முறைகளும் இருக்கின்றன. எந்த முறையானாலும் பாதியில் நிறுத்தக் கூடாது. தோலைக் கிழித்த கடியானால் புண்ணைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும், கேட்டு வாங்குங்கள். உங்கள் மகளைப் போல நாயைக் கண்டதும் ஓடிப்போய்க் கொஞ்சும் பிள்ளைகளுக்குக் கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசியும் உண்டு. நாங்கள் தொழிலுக்காகப் போட்டுக்கொள்கிறோம், அவளுக்கும் நல்லது.

பயமுறுத்தியது போதும். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

நான் வாங்கிய முதல் கடி யேசினில் கால்நடை மருத்துவம் படித்த கடைசி வருடம். நிறுத்தி வைத்திருந்த காருக்கு அடியில் ஒரு நாய். என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. வாலாட்டினால் சிநேகம் என்று நினைத்து, தரையில் மண்டியிட்டு, கையை உள்ளே நீட்டினேன். நாலு பல். தப்பு அதன் மேல் இல்லை. ஒளிந்திருக்கிற நாய்க்கு வெளியே போக ஒரே ஒரு வழிதான் இருந்தது, அந்த வழியை நான் உடம்பால் அடைத்துவிட்டு சிநேகிதம் பேசினேன். வால் ஆடியது உண்மைதான். ஆனால் விறைப்பாக, மேலே தூக்கி, நுனி மட்டும் ஆடியது. இடுப்போடு சேர்ந்து தளதளவென்று ஆடும் வால் வேறு. இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை.

ஆகையால் சைக்காவுக்கு அடியில் யாரும் கை விடக் கூடாது, மகள் முக்கியமாக. செவலை தானாக வெளியே வரட்டும்.

கடை மூடியதும், பத்து மணியோ பத்தரையோ, தினமும் ஒரே நேரத்தில் சைக்காவிலிருந்து பத்துத் தப்படி தள்ளி ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள், டீக்கடை ஸ்டூல் மாதிரி. முகத்தைக் காட்டி உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள். அதைப் பார்க்காதீர்கள். நாய் பாஷையில் உற்றுப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பது. அது பார்க்கும்போது குனியவும் குனியாதீர்கள். ‘நாயைக் கண்டால் கல்லைக் காணோம்’ என்று நாம் சிரிக்கிறோம், தெருநாய்க்கு அது சிரிப்பு இல்லை. குனிகிற மனிதன் கல் எடுக்கிறான் என்பது அது குட்டியில் படித்த முதல் பாடம். ஒரு பிடி சோற்றை ஸ்டூலில் இருந்தபடியே பாதி தூரத்துக்கு வீசுங்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். முதல் சில நாள் நீங்கள் போன பிறகுதான் தின்னும். தின்னட்டும். பிறகு நீங்கள் இருக்கும்போதே வந்து கவ்விக்கொண்டு ஓடும். அதற்கப்புறம் ஒரு நாள் நின்று தின்னும். அன்றைக்கு மகளிடம் சொல்லுங்கள், ஆனால் கூப்பிட்டுக் காட்டாதீர்கள்.

என்ன சோறு? வெறும் சோற்றில் அவித்த மீனோ கோழி ஈரலோ பிசைந்தது. கடையில் மிஞ்சிய சாம்பார் வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், பூண்டும் அப்படித்தான். மசால் தோசையின் உள்ளே இருப்பதும் இதே கணக்கு. வெறும் தோசை ஒரு துண்டு பரவாயில்லை. ஙாப்பி (புளிக்கவைத்த மீன் விழுது) வாசத்துக்கு எந்த நாயும் மயங்கும், ஆனால் உப்பு அதிகம், வேண்டாம். வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாக உடையும். இதெல்லாம் தெரு நாய்கள் தின்று பிழைத்துத்தான் இருக்கின்றன என்று நீங்கள் சொல்லலாம். பிழைத்தவற்றைத்தான் நாம் தெருவில் பார்க்கிறோம், அக்கா.

அருகே வர ஆரம்பித்ததும் அதன் முகத்தைப் படியுங்கள். பசி இல்லாமலே நாக்கால் உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொள்வது, கண்ணோரம் வெள்ளை தெரிவது எல்லாம் ‘போதும், கொஞ்சம் தள்ளு’ என்பதற்கு அது வைத்திருக்கும் சொற்கள். கண்டதும் தள்ளிப்போங்கள். சொன்னால் கேட்கிற மனிதரிடம்தான் அது மறுபடி வரும். முதல் தொடுகை தலையில் வேண்டாம், மேலிருந்து இறங்கும் கை எதுவும் அதற்கு அடிதான். தாடைக்குக் கீழே, மார்பில், மூன்று எண்ணும் நேரம் தடவிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் அதுவே மூக்கால் இடிக்கும். இடிக்கவில்லையா, நாளைக்கு.

நொண்டும் காலைத் தொட்டுப் பார்க்காதீர்கள். வலிக்கிற இடத்தைத் தொட்டால் பழகிய நாயும் திரும்பிக் கவ்வும். பாதத்தில் கண்ணாடித் துண்டு, விரலிடுக்கில் உண்ணி, பழைய எலும்பு முறிவு, எதுவாகவும் இருக்கலாம். கை பட விட்டதும் ஒரு கால்நடை மருத்துவரை அழைத்துக் காட்டுங்கள், அன்றே வெறிநோய் ஊசியையும் சோறு தின்னும்போது போட்டுவிடலாம், ஒரு வருடத்தில் மறு ஊசி. பாவம் என்று வீட்டில் இருக்கிற பாரசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ சோற்றில் வைத்துவிடாதீர்கள். மனிதனின் வலி மாத்திரையில் நாயின் ஈரலும் குடலும் சிறுநீரகமும் கெட்டுப்போனதை நிறையப் பார்த்துவிட்டேன்.

இனித் தெரு நாய்கள் மூன்று. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்குப் புலப்பட்டது: சண்டைக்குக் காரணம் உங்கள் தோசைக்கல். வாடிக்கைக்காரர்கள் ஆளுக்கு ஒரு துண்டு வீசுகிறார்கள், அந்த வாசல்தான் அந்த மூன்றுக்கும் வயல். புதிதாக ஒருவன் வரப்பில் கால் வைத்தால் நம் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் அவையும் செய்கின்றன. ‘தலைவன் நாயை அடக்கினால் எல்லாம் அடங்கும்’ என்று யாராவது தடியோடு யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கூண்டில் அடைத்த, ஒன்றுக்கொன்று அந்நியமான ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதப்பட்ட ஆய்விலிருந்து வளர்ந்த பேச்சு அது. அதைப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் கவனித்தபின், அது அப்பா, அம்மா, பிள்ளைகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999இல் திருத்தி எழுதினார். தெரு நாய்க்கும் ஓநாய்க்கும் வேறு தூரம் இருக்கிறது, அது தனிக்கதை.

முதல் நாலு நாள் எதுவும் செய்யாமல் பாருங்கள். துரத்தலை யார் தொடங்குகிறது? யார் பின்னால் ஓடுகிறது? யார் எழுந்திருப்பதே இல்லை? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். அனேகமாக ஒவ்வொரு சந்திலும் ஒரு நாய் இருக்கும், பெரும்பாலும் பல குட்டி போட்ட வயதான பெட்டை, அமளி நடக்கும்போது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். உங்கள் மூன்றில் அப்படி ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். செவலை முதலில் சந்திக்க வேண்டியது அதைத்தான். அது ஒரு தடவை முகர்ந்துவிட்டு ‘சரி, இருந்து தொலை’ என்று திரும்பிப் படுத்துவிட்டால் மற்றவற்றின் வேகம் பாதி குறைவதை நான் பல சந்துகளில் பார்த்திருக்கிறேன். இது விதி இல்லை, பார்த்துப் பார்த்து எனக்கு வந்த கணிப்பு.

தூரத்துக்கு வருவோம், எல்லாம் அதில்தான் இருக்கிறது. மூன்றுக்கும் கடைப்பக்கம் சாப்பாடு வையுங்கள், அதே நிமிடம் செவலைக்கு நாற்பது தப்படி தள்ளி மகளோ வேறு யாரோ வைக்கட்டும். ஒன்றையொன்று பார்க்கலாம், ஆனால் தின்பதை விட்டுவிட்டுப் பார்க்கும் அளவுக்கு நெருங்கக் கூடாது. அதுதான் அளவுகோல். வாய் தட்டில் இருக்கும்வரை தூரம் சரி. தலையைத் தூக்கி, வாயை மூடி, வாலை விறைத்து வெறித்துப் பார்த்தால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள். மறுநாள் ஐந்து தப்படி பின்னால் போங்கள். எல்லாம் அமைதியாகப் போனால் மூன்று நாளைக்கு ஒரு முறை இரண்டு தப்படி குறையுங்கள். ‘அவன் வந்தால் சோறு வருகிறது’ என்று அந்த மூன்றின் மூக்கிலும் பதிய வேண்டும். இதுவரை அவற்றின் கணக்கு ‘அவன் வந்தால் சோறு குறைகிறது’ என்று இருந்தது. கடை நேரத்தில் வாடிக்கைக்காரர்கள் துண்டு வீசுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். கஷ்டம்தான், தெரியும். ஒரு டப்பாவை வைத்து, ‘நாய்க்கு இதில் போடுங்கள்’ என்று சொல்லிவிட்டு, கடை மூடிய பிறகு நீங்களே பிரித்து வையுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு சங்கதி. தெருவில் நனையாத இடம் இரண்டோ மூன்றோதான் இருக்கும். மழை கொட்டும்போது எல்லா நாயும் அங்கேதான் ஒதுங்க வேண்டும், நெருக்கத்தில் பாதிச் சண்டை அதனால் வருகிறது. சைக்காவை யாராவது திடீரென்று எடுத்துப் போய்விட்டால் செவலைக்குக் கூரையே இல்லை. தெருவின் மறுகோடியில் நாலு செங்கல், ஒரு பலகை, மேலே ஒரு தார்ப்பாய். அரைமணி நேர வேலை. நான் எழுதித்தரும் எந்த மருந்தைவிடவும் சண்டையைக் குறைக்கும்.

சண்டை வந்தேவிட்டால் நடுவில் கை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர், இல்லையென்றால் எவர்சில்வர் தட்டைத் தரையில் ஓங்கிப் போடும் சத்தம், இல்லையென்றால் நடுவே ஒரு பலகை. பெரும்பாலான சண்டைகள் சத்தம்தான். முடிந்த பிறகு பல் இறங்கிய துளை இருக்கிறதா என்று பாருங்கள், மேலே சின்னதாகத் தெரியும் துளை உள்ளே சீழ் கட்டும்.

வீட்டு நாய்களின் கதை வேறு. கேட்டுக்குள் நின்று கத்தும் நாய் ஒவ்வொரு தடவையும் ஜெயிக்கிறது. கத்துகிறது, செவலை நகர்கிறது, ‘நான் கத்தியதால்தான் போனான்’ என்று கருப்பன் நினைத்துக்கொள்கிறான். ஒரு நாளைக்கு இருபது தடவை இந்தப் பாடம் நடந்தால் அப்புறம் நான் என்ன சொல்லி மாற்றுவது? கேட்டின் கீழ்ப்பாதியைத் தார்ப்பாயாலோ ஒட்டுப்பலகையாலோ மறைத்துவிடுங்கள். கடை நேரத்தில் இரண்டையும் பின்கட்டில் வையுங்கள்.

பிறகு ஒரு பழைய கைலி. செவலை தொட விடும் காலம் வந்ததும் (அது வருவதற்குள் நான் சொன்ன இரண்டு வாரம் எப்போதோ கழிந்திருக்கும்) அந்தக் கைலியால் அதைத் துடைத்து, கருப்பன், மா ஃப்யூ இரண்டின் தட்டுக்கும் அடியில் விரியுங்கள். தினமும். அவை இரண்டும் படுக்கும் சாக்கைக் கொண்டுபோய்ச் செவலையின் தார்ப்பாய்க்குக் கீழே போடுங்கள். நாய்க்கு அறிமுகம் என்பது மூக்கின் வேலை, முகத்தைக் காட்டுவதெல்லாம் பிற்பாடு. உண்ணியோ சொறியோ இருந்தால் முதலில் அதற்கு மருந்து, கைலி அப்புறம்.

முகம் பார்ப்பது கேட்டிலும் வேண்டாம், கடை வாசலிலும் வேண்டாம். யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பாதையில், காலையில் ஆள் நடமாட்டம் குறைவான நேரத்தில். முதலில் மா ஃப்யூ. செவலை ஆண் என்றே வைத்துக்கொள்கிறேன்; ஆணுக்கும் பெட்டைக்கும் ஒத்துப்போவது இரண்டு ஆண்களுக்குள் ஒத்துப்போவதைவிடச் சுலபம். செவலைக்குக் கயிறு பழகியிருக்காது. கட்டி இழுக்காதீர்கள், அது சோற்றுக்குப் பின்னால் தானாக உங்கள் கூட நடக்கட்டும், மா ஃப்யூவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வேறொருவர் தள்ளி நடக்கட்டும். இரண்டும் ஒரே திசையில், நடுவே பதினைந்து தப்படி விட்டு. எதிரெதிரே நடத்தினால் மோதல், பக்கத்தில் பக்கத்தில் நடத்தினால் வழித்துணை. செவலை மூத்திரம் பெய்த இடத்தை மா ஃப்யூ எவ்வளவு நேரம் முகர்ந்தாலும் இழுக்காதீர்கள், கடிதம் படித்துக்கொண்டிருக்கிறது. கயிறு தொய்வாக இருக்கட்டும். நீங்கள் பயந்து கயிற்றை இறுக்கினால், பயப்பட ஏதோ இருக்கிறது என்று அதற்குக் கயிறு வழியாகவே தெரிந்துவிடும். நாலைந்து நடைக்குப் பிறகு பின்பக்கம் முகர விடுங்கள். மூன்று எண்ணுங்கள், கூப்பிட்டு விலக்குங்கள். முன்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தி நின்றால் விளையாடக் கூப்பிடுகிறது என்று அர்த்தம், அன்றைக்கு ஒரு தோசை எனக்காகச் சாப்பிடுங்கள்.

கருப்பன் கடைசி. அவனுக்கு நாள் குறிக்காதீர்கள்.

முற்றத்துக்குள் வரும் நாளில் தட்டு, எலும்பு, சாக்கு, பந்து எல்லாவற்றையும் எடுத்து மறைத்துவிடுங்கள். பத்து நிமிடம் இருந்துவிட்டு வெளியே. மறுநாள் இருபது. கருப்பன் உறுமினால் அதட்டாதீர்கள். உறுமல் அவன் கொடுக்கும் நோட்டீஸ். அதட்டி அதட்டி நோட்டீஸை நிறுத்திவிட்டால், அடுத்த தடவை நோட்டீஸ் இல்லாமல் கடிப்பான். உறுமியதும் இரண்டையும் தூரமாக்குங்கள், அவ்வளவுதான். தட்டுகள் எப்போதும் தனித்தனியாக, ஒன்றையொன்று பார்க்காத மூலையில். ஒரு வருடம் கழித்து ஒரே தட்டில் தின்னும் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை மகளுக்கு வரும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மா ஃப்யூவுக்குக் கருத்தடை ஆகிவிட்டதா? இல்லையென்றால் மேலே எழுதியதெல்லாம் ஒரே வாரத்தில் பாழ். அவள் சூட்டுக்கு வந்தால் தெரு மூன்றில் ஆண் எத்தனையோ அத்தனையும் கேட்டில் நிற்கும், கருப்பனும் செவலையும் உட்பட யாரும் யாரையும் சகிக்காது, 63 நாள் கழித்து உங்களிடம் ஏழெட்டுக் குட்டிகள் இருக்கும். செவலை ஆண் என்றால் உடம்பு தேறியதும் அதற்கும் செய்துவிடுங்கள். அலைச்சல் குறையும். எல்லாக் கோபமும் போய்விடும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன், பயத்தில் வரும் கோபத்துக்கு அந்த ஆபரேஷனால் பெரிதாகப் பலன் இல்லை.

பொங்கி மடம் பற்றி. பக்கத்து வீட்டம்மா நல்ல மனதோடுதான் சொல்கிறார், பொங்கிகளும் வந்த நாயை விரட்டாமல் சோறு போடுகிறார்கள். ஆனால் இதே யோசனை ஊர் முழுக்க எல்லோருக்கும் தோன்றுகிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் கூட்டத்துக்கு நடுவே, நொண்டுகிற காலோடு, ஒளிய ஒரு சைக்காகூட இல்லாமல் இதை இறக்கிவிட்டால் என்ன ஆகும்? இங்கே மூன்று பேர் துரத்துகிறார்கள், அங்கே முப்பது. விடாதீர்கள். புண்ணியம் சேர்க்க வேண்டுமென்றால் மடத்து நாய்களுக்கு வெறிநோய் ஊசி போடும் செலவில் ஒரு பங்கு கொடுங்கள். ஒரு வட்டாரத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்கு ஊசி போட்டுவிட்டால் அந்த வட்டாரத்தில் நோய் பரவுவது நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இப்போது தொடங்கினால் இரண்டு மூன்று மாதம் ஆகலாம். இடையில் தடிஞ்சு விளக்குத் திருநாளும், அடுத்து நம் தீபாவளியும் வந்துவிடும், இரண்டிலும் வெடிச்சத்தம். அந்த நாள்களில் புதிதாக எந்த அறிமுகமும் வேண்டாம். வெடிக்குப் பயந்த நாய் பக்கத்தில் நிற்பவன் மேல் பாயும், அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாலே வெடி ஞாபகம் வரும். தார்ப்பாய்க்குக் கீழே ஒரு சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கி வையுங்கள், போதும்.

இத்தனையும் செய்து, செவலை கடைசி வரைக்கும் வீட்டுக்குள் வராமல், தெருவின் நாலாவது நாயாகவே நின்றுவிடலாம். கூரை, ஊசி, ஒரு வேளைச் சோறு, துரத்தாத மூன்று பேர் என்று அதற்கு அமைந்துவிட்டால் என் கணக்கில் அது போதும். மகளுக்குப் போதாது. அவளுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாமியாரிடம் பைரவர் வாகனம் என்றெல்லாம் வாதாட வேண்டாம். அந்தப் பேச்சில் என் பாட்டியிடம் நான் ஒரு நாளும் ஜெயித்ததில்லை. அதற்குப் பதிலாக, உங்களுக்குக் கடையில் கை ஒழியவில்லை என்று சொல்லி, நாற்பதாவது தப்படியில் தட்டை வைக்கும் வேலையை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். படியேற்ற வேண்டியதில்லை, தொட வேண்டியதில்லை, வைத்துவிட்டுத் திரும்பினால் போதும். அவர் ஒத்துக்கொண்டாரா, இப்போது எத்தனை தப்படியில் இருக்கிறீர்கள் என்று அடுத்த மாதம் இரண்டு வரி எழுதுங்கள்.